ஒரே பாடம் சமநீதி ஆகுமா?

ஒரு வகுப்பிலுள்ள பிள்ளைகள் அனைவருக்கும் ஒரே ஆசிரியர், ஒரே புத்தகம், ஒரே பாடம். இதனினும் மேலான சமத்துவம் வேறுண்டோ என்று பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதை அமெரிக்க ஐக்கிய நாடுகளில், சன் பிரான்சிஸ்கோ நகரத்து வழக்கொன்று உணர்த்திற்று.

அந்நகரிற் சீனக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. 1971ஆம் ஆண்டளவில் அங்குள்ள அரசாங்கப் பாடசாலைகளிற் பயின்ற சீனப் பிள்ளைகளுள் ஆங்கிலம் அறியாதோர் ஏறக்குறைய 2,800 பேர். அவர்களுள் 1,000 பேர் வரையிலானோரே மேலதிக ஆங்கிலப் பயிற்சி பெற்றனர். எஞ்சிய 1,800 பேரும் விளங்காத மொழியிற் பாடங்கேட்டு வாளாவிருந்தனர்.

இப்பிள்ளைகளின் சார்பில் தொடுக்கப்பட்ட ‘லோ எதிர் நிக்கல்ஸ்’ என்னும் வழக்கில், 1974 ஜனவரி 21ஆம் நாள் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மொழி விளங்காத பிள்ளைக்கு மற்றையோர்க்குரிய அதே புத்தகத்தையும் ஆசிரியரையும் அளிப்பதனால் மாத்திரம் சமத்துவம் உண்டாகிவிடாது என்பதே தீர்ப்பின் சாரம். பரிகாரம் இன்னதென நீதிமன்றம் விதிக்கவில்லை. ஆங்கிலத்தைத் தனியே கற்பிக்கலாம். சீன மொழியிலேயே பாடஞ் சொல்லலாம். வேறு வழியுங் காணலாம் என்று கல்விச் சபையாரிடமே விட்டது.

வழி எதுவாயினும் அதனை நடத்துபவர் ஆசிரியரே. அவர் பிள்ளையின் தாய்மொழி இயல்பைச் சிறிதேனும் அறிந்திருத்தல் நன்று. சீன மொழியில் வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறுவதில்லை. ‘நேற்று’ என்னுஞ் சொல்லே இறந்தகாலத்தை உணர்த்தப் போதும். ஆதலின், ‘நேற்றுப் போகிறேன்’ என்னும் பாங்கில் ஒரு சீனப் பிள்ளை ஆங்கிலத்தில் எழுதுமாயின், அது கவனக்குறைவன்று; தன் மொழியின் ஒழுங்கையே அது பின்பற்றுகின்றது. சிவப்பு மையாற் கோடிடுவதோடு அமையாது, இரு மொழிகளையும் அருகருகே நிறுத்தி வேறுபாட்டைக் காட்டும் ஆசிரியரிடம் அப்பிள்ளை விரைவில் தேறும்.

இன்னொன்றும் உண்டு. விளையாட்டிடத்திற் சரளமாக ஆங்கிலம் பேசும் பிள்ளை, சரித்திர பாடத்தில் இடர்ப்படக்கூடும். பேச்சுமொழி ஏறக்குறைய ஈராண்டிற் கைவரினும், பாடநூல்மொழி கைவர ஐந்து முதல் ஏழாண்டு வரை செல்லும் என்று கனடாவில் ஆராய்ச்சி நடத்திய ஜிம் கமின்ஸ் என்னும் அறிஞர் எடுத்துக்காட்டினார். பேச்சை மட்டும் கேட்டு உதவியை நிறுத்திவிடுதல், கதிர் முற்றுமுன் வயலுக்கு நீரை மறிப்பதை ஒக்கும்.

வகுப்பில் மௌனமாயிருக்கும் பிள்ளையை மந்தபுத்தியுடையது என்று ஒதுக்குமுன், அதன் செவியில் விழுவது மொழியா, வெறும் ஓசையா என்று ஆசிரியர் சற்றே சிந்தித்தல் வேண்டும்.