தெருவெல்லாம் பாட்டு! கால்வே நகரில் இரண்டு நாள்

மழை வரும். வெயில் வரும். மறுபடியும் மழை வரும். இவ்வளவும் ஒரு மணி நேரத்தில் நடந்துவிடும். ஆனால், தெருவில் பாடுகிறவர்கள் பாட்டை நிறுத்த மாட்டார்கள். நின்று கேட்கிறவர்களும் நகர மாட்டார்கள்.

இப்படி ஓர் ஊர் எங்கே இருக்கிறது?

அயர்லாந்து நாட்டில் இருக்கிறது. அதன் பெயர் கால்வே.

இங்கிலாந்துக்கு மேற்கே உள்ள தீவு அயர்லாந்து. அந்தத் தீவின் மேற்குக் கரையில், அட்லாண்டிக் பெருங்கடலைப் பார்த்தபடி இருக்கிறது கால்வே. காரிப் என்ற ஆறு ஊருக்குள் பாய்ந்து கடலில் சேருகிறது. ஜனத்தொகை சுமார் 85 ஆயிரம். நம் ஊர்க் கணக்கில் சிறிய பட்டணம்தான். ஆனால் சனி, ஞாயிறு வந்துவிட்டால் கூட்டம் அலைமோதும்.

நாமும் போய் வருவோமா? செலவு இல்லை. வீட்டில் உட்கார்ந்தபடியே போகலாம்!

சனிக்கிழமை காலை

தலைநகர் டப்ளினில் ரெயில் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் கால்வே வந்துவிடும். ரெயில் நிலையத்துக்கு ஈமன் கியான்ட் என்ற தியாகியின் பெயரைச் சூட்டி இருக்கிறார்கள். அவர் கால்வே மாவட்டத்தில் பிறந்தவர். 1916-ம் ஆண்டு பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து நடந்த புரட்சியின் தலைவர்களில் ஒருவர். அவரை பிரிட்டிஷார் சுட்டுக் கொன்றார்கள்.

நிலையத்தை விட்டு வெளியே வந்தால் அயர் சதுக்கம். நடுவில் பசும்புல் பூங்கா. அதற்கு அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் பெயர். காரணம் என்ன?

1963-ம் ஆண்டு ஜூன் மாதம் கென்னடி இங்கே வந்து பேசினார். "வானம் தெளிவாக இருந்து, கண் பார்வையும் கூர்மையாக இருந்தால் இங்கிருந்தே அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் தெரியும்" என்ற பொருளில் வேடிக்கையாகச் சொன்னார். மக்கள் சிரித்து மகிழ்ந்தார்கள். ஐந்தே மாதத்தில் அவர் கொலையுண்டார்.

பாஸ்டனை ஏன் சொன்னார்? அதைப் பிறகு பார்ப்போம்.

பதினான்கு குடும்பங்கள்

சதுக்கத்திலிருந்து இறங்கினால் கடைத்தெரு. வண்டி வராது. நடக்கலாம், நிற்கலாம், வேடிக்கை பார்க்கலாம். பத்தடிக்கு ஒருவர் பாடுகிறார், ஆடுகிறார், வித்தை காட்டுகிறார். பிடித்திருந்தால் காசு போடலாம்.

ஒரு காலத்தில் இந்த ஊரைப் பதினான்கு வணிகக் குடும்பங்கள் ஆண்டன. ஸ்பெயின் நாட்டுடன் கப்பல் வாணிபம் செய்து செழித்தவர்கள். அவர்களில் லிஞ்ச் குடும்பத்தாரின் கல் மாளிகை இன்றும் கடைத்தெருவில் நிற்கிறது. இப்போது அது ஒரு பாங்கி!

பக்கத்தில் புனித நிக்கலஸ் தேவாலயம். 1320-ம் ஆண்டு வாக்கில் கட்டியது. அமெரிக்காவுக்குக் கடல்வழி கண்ட கொலம்பஸ், அதற்கு முன்பே 1477-ல் இங்கு வந்து வணங்கினார் என்று ஊரார் சொல்வார்கள். சனிக்கிழமைகளில் கோயிலை ஒட்டிச் சந்தை கூடும். ரொட்டி, பாலாடைக்கட்டி, காய்கறி எல்லாம் கிடைக்கும்.

கை பேசும் மோதிரம்

ஆற்றங்கரையில் 1584-ல் எழுந்த கல் வளைவு இருக்கிறது. "ஸ்பானிஷ் வளைவு" என்று பெயர். அக்கரையில் கிளாடா என்ற பழைய மீனவர் குப்பம். அங்கிருந்த கூரை வீடுகளை 1930-களில் இடித்து, புது வீடுகள் கட்டிவிட்டார்கள். ஆனால், குப்பத்தின் பெயர் உலகமெங்கும் பரவிவிட்டது. எதனால்? ஒரு மோதிரத்தால்!

இரண்டு கைகள் ஓர் இதயத்தைப் பிடித்திருக்கும். இதயத்தின் மேல் ஒரு கிரீடம். கை என்றால் நட்பு. இதயம் என்றால் அன்பு. கிரீடம் என்றால் விசுவாசம். இடது கையில், இதயத்தின் முனை தன்னை நோக்கி இருக்கும்படி அணிந்தால் மணமானவர். வலது கையில், முனை வெளியே பார்த்தபடி அணிந்தால் மணமாகாதவர். வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை!

இதற்கு ஒரு கதையும் உண்டு. ரிச்சர்டு ஜாய்ஸ் என்ற கால்வே இளைஞனைக் கடற்கொள்ளைக்காரர்கள் பிடித்து, அல்ஜீரியாவில் ஒரு பொற்கொல்லரிடம் அடிமையாக விற்றார்கள். அங்கே தொழிலைக் கற்றுக்கொண்டான். விடுதலை பெற்றுத் திரும்பியதும் இந்த மோதிரத்தைச் செய்தான் என்கிறார்கள்.

மாலையில் மதுக்கடைகளில் பாட்டுக் கச்சேரி களைகட்டும். பிடில், புல்லாங்குழல், ஆட்டுத்தோல் மேளம். குடிக்காதவர்களும் தேநீர் வாங்கிக்கொண்டு கேட்கலாம். இரவானால் சிறுவர்களுக்கு இடம் இல்லை. அது சட்டம். ஜூன் மாதத்தில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிவிடும்!

ஞாயிறு: கடற்கரை நடை

கிளாடாவிலிருந்து கடலோரமாகவே சால்ட்ஹில் வரை நடந்து போகலாம். வழியில் ஒரு சிறு பூங்கா வரும். பலர் கவனிக்காமல் போய்விடுவார்கள். நாம் நிற்போம்.

1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஏழைகளுக்கு அதுதான் சோறு. பஞ்சம் வந்தது. சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். மேலும் 10 லட்சம் பேர் கப்பலேறி நாட்டை விட்டுப் போனார்கள்.

1847-ல் சீலியா கிரிபின் என்ற சிறுமி, உணவு தேடித் தன் குடும்பத்தோடு கிராமத்திலிருந்து கால்வேக்கு வந்தாள். வயது ஆறு. பசியால் செத்துப் போனாள். வயிற்றில் உணவின் சுவடே இல்லை என்று பரிசோதனையில் தெரிந்தது. அவள் பெயரில்தான் இந்தப் பூங்கா.

கென்னடி பாஸ்டனை ஏன் சொன்னார் என்று இப்போது புரிகிறதா? அவருடைய கொள்ளுத் தாத்தா, அந்தப் பஞ்ச காலத்தில் அயர்லாந்தை விட்டு பாஸ்டன் போனவர். அன்று சதுக்கத்தில் நின்றவர்களிலும் உறவினரைக் கப்பலேற்றி அனுப்பிய குடும்பத்தார் எத்தனையோ பேர். சிரிப்புக்குள்ளே அவ்வளவு துக்கமும் இருந்தது.

சால்ட்ஹில் நடைபாதையின் கோடியில் ஒரு சுவர் உண்டு. நடந்து முடித்தவர்கள் அதைக் காலால் ஓர் உதை உதைத்துவிட்டுத்தான் திரும்புவார்கள். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். குழந்தைகளுக்கு இது ஒரே கொண்டாட்டம்!

போகிறவர்கள் கவனிக்க

அயர்லாந்துக்குத் தனி விசா வேண்டும். நாணயம் யூரோ. ஜூலையில் 1978 முதல் கலைவிழாவும், செப்டம்பரில் 1954 முதல் சிப்பி விழாவும் நடந்து வருகின்றன. அந்த நாட்களில் அறை கிடைப்பது கஷ்டம். முன்கூட்டியே ஏற்பாடு செய்வது நல்லது. குடையை நம்ப வேண்டாம். கடற்காற்று அதைத் திருப்பிவிடும். மழைச் சட்டையே மேல்.

பாட்டைக் கேளுங்கள். மோதிரம் வாங்குங்கள். சுவரை உதையுங்கள். திரும்பும்போது சீலியாவின் பூங்காவில் ஒரு நிமிடம் நில்லுங்கள். உங்கள் குழந்தைகளுக்கு அவள் கதையைச் சொல்லுங்கள். தட்டில் சோற்றை மிச்சம் வைக்கிற பிள்ளை அப்புறம் வைக்காது.