கூடைப்பந்து ராணி!

அம்மா தூங்கச் சொன்ன பிறகு, போர்வைக்குள் 'டிவி'யையும் சேர்த்து மூடிக்கொண்டு பார்த்திருக்கிறீர்களா குட்டீஸ்? அப்படி ஒளிந்து கூடைப்பந்து பார்த்தே வளர்ந்தவர், லூசியா ஹாரிஸ்.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், மின்டர் சிட்டி என்ற சிற்றூரில், 1955ல் பிறந்தார். வீட்டில் 11 பிள்ளைகள், இவர் 10வது. விவசாயக் குடும்பம்; பருத்தி எடுக்கும் வேலையும் செய்திருக்கிறார். உயரம், 6 அடி 3 அங்குலம்! பள்ளியில், 'நெட்டை... நெட்டை... வேறொன்றும் இல்லை' என்று கேலி செய்தனர். அந்த உயரம் தான், கூடைப்பந்து களத்தில் எதிரணியைக் கலங்கடித்தது.

டெல்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கு பயிற்சியாளராக இருந்தவர், மார்கரெட் வேட் என்ற பெண்மணி. இவர் கதையும் சுவையானது. 1930களில் அதே கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவர். 'பெண்களுக்கு இந்த விளையாட்டு கடினம்' என்று சொல்லி, நிர்வாகம் அணியைக் கலைத்து விட்டது. கோபத்தில் மாணவியர், தங்கள் விளையாட்டு உடைகளைத் தீயிட்டுக் கொளுத்தினர். 40 ஆண்டுகள் கழித்து, 1973ல் மீண்டும் அணி துவங்கியபோது, வேட்டுக்கு வயது 60!

அந்த அணியின் ஒரே கறுப்பின மாணவி லூசியா. 1975, 76, 77 என, தொடர்ந்து 3 முறை தேசிய சாம்பியன் பட்டம். லூசியா ஆடிய காலத்தில், அணி 109 போட்டிகளில் வென்றது. தோற்றது 6ல் மட்டுமே. அவர் எடுத்த புள்ளிகள் 2,981. கல்லூரியில் ஆண்கள் போட்டியை விட, பெண்கள் போட்டிக்குத் தான் கூட்டம் அலைமோதியது.

ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது, 1976ல் கனடாவின் மான்ட்ரியல் நகரில். அதில் முதல் புள்ளியைப் பெற்றவர் யார் தெரியுமா? லூசியாவே தான்! அமெரிக்க அணிக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது.

அடுத்த ஆண்டு படிப்பு முடிந்தது. இனி எங்கே விளையாடுவது? ஆண்களுக்கு, 'என்.பி.ஏ.,' என்ற பெரிய தொழில்முறை போட்டி இருந்தது, சம்பளமும் உண்டு. பெண்களுக்கு அப்படி ஒன்றும் அப்போது அமெரிக்காவில் இல்லை. 22 வயதில், நாட்டின் மிகச்சிறந்த வீராங்கனைக்கு ஆட களம் இல்லை!

அந்த நேரத்தில் ஓர் அதிசயம். என்.பி.ஏ.,யில் ஆடிய, 'நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ்' என்ற ஆண்கள் அணி, புதிய வீரர்கள் தேர்வில் லூசியா பெயரைச் சொன்னது. 137வது தேர்வு. 'வெறும் விளம்பரத்துக்காகக் கூப்பிடுகின்றனர்' என நினைத்தார் லூசியா. அப்போது அவர் தாயாகப் போகும் நேரம் வேறு. 'வரவில்லை' என்று சொல்லி விட்டார். அதற்காக வருந்தவில்லை என்று பிறகும் கூறினார்.

பின்னர் பெண்களுக்கென ஒரு போட்டி துவங்க, 1979ல் 'ஹூஸ்டன் ஏஞ்சல்ஸ்' அணியில் சிறிது காலம் ஆடினார். அந்தப் போட்டியும் சில ஆண்டுகளில் நின்று போனது. இன்று புகழ்பெற்ற, 'டபிள்யூ.என்.பி.ஏ.,' பெண்கள் போட்டி 1997ல் தான் ஆரம்பமானது. அப்போது லூசியாவுக்கு வயது 42.

மனநலப் பாதிப்பாலும் அவர் அவதிப்பட்டார். அதை மறைக்காமல் வெளியே சொன்னார். சிறப்புக் குழந்தைகளுக்கு ஆசிரியராகவும், பயிற்சியாளராகவும் பணியாற்றி, 4 பிள்ளைகளை வளர்த்தார். 1992ல், கூடைப்பந்தின் புகழ்மிக்க, 'நெய்ஸ்மித்' சாதனையாளர் மன்றத்தில் அவர் பெயர் இடம்பெற்றது.

அவரைப் பற்றி, 'கூடைப்பந்து ராணி' என்ற 22 நிமிட ஆவணப்படம், 2021ல் வெளியானது. கேமரா முன் அமர்ந்து, தன் கதையைத் தானே சிரித்துச் சிரித்துச் சொல்கிறார் லூசியா. 2022 மார்ச்சில் அது ஆஸ்கர் விருது வென்றது. அதற்கு 2 மாதம் முன், ஜனவரி 18ல், 66வது வயதில் லூசியா காலமாகி இருந்தார்.