'செல்' என்னும் ஆங்கிலச் சொல்லும் தமிழ்க் கலைச்சொற்களும்

முன்னுரை

ஆங்கிலத்தில் அன்றாடம் வழங்கும் எளிய சொற்கள் பல துறைதோறும் பொருள் மாறிக் கலைச்சொற்களாக நிற்கின்றன. அருஞ்சொல்லைக் காணும் மொழிபெயர்ப்பாளர் அகராதியை நாடுவார்; எளிய சொல்லையோ தமக்குத் தெரிந்த பொருளிலேயே கொண்டு கடந்துவிடுவார். பிழை பெரும்பாலும் அங்கேதான் நேர்கிறது. 'செல்' என்னும் சொல்லை முன்வைத்து, இப்பொருள் மாற்றத்தையும் தமிழ் அதனை எதிர்கொண்ட வகைகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

அறையும் அணுவும்

சிற்றறையைக் குறிக்கும் 'செல்லா' என்னும் இலத்தீன் சொல்லே இதன் மூலம். துறவியர் தங்கிய அறை, சிறைக் கொட்டடி, தேனடையின் கண்ணறை ஆகியன ஆங்கிலத்தில் இப்பெயரையே பெற்றன. 1665ஆம் ஆண்டில் வெளிவந்த 'மைக்ரோகிராபியா' என்னும் நூலில் இராபர்ட் ஹூக், தக்கையின் மெல்லிய சீவலில் கண்ட நுண்துளைகளைத் தேனடையோடு ஒப்பிட்டு இச்சொல்லை ஆண்டார். அவர் கண்டவை உயிரற்ற வெற்றுச் சுவர்களே. பிற்காலத்தில் சுவருக்குள் இருந்த உயிர்ப்பொருள் முதன்மை பெற்றது. சுவரே இல்லாத விலங்கு உயிரணுவுக்கும் அறையின் பெயரே நிலைத்துவிட்டது.

தமிழகத்தில் 'செல்' என்னும் ஒலிபெயர்ப்பும் 'உயிரணு' என்னும் ஆக்கமும் வழங்குகின்றன. 'உயிரணு' அறை என்னும் படிமத்தைக் கைவிட்டு, உயிரின் அடிப்படை அலகு என்னும் கருத்தைச் சுட்டுகிறது. ஆயின் 'அணு' இயற்பியலுக்கும் உரியது. ஆங்கிலம் அணுவின் மையத்தையும் உயிரணுவின் மையத்தையும் ஒரே சொல்லால் குறிக்க, தமிழ் 'அணுக்கரு', 'உட்கரு' எனப் பிரித்துச் சொல்கிறது. இலங்கைத் தமிழில் உயிரியலுக்கும் 'கலம்', மின்னியலுக்கும் 'மின்கலம்'. கொள்கலனை உணர்த்தும் இச்சொல் ஹூக் கண்ட வடிவத்திற்கு 'உயிரணு'வினும் நெருக்கமானது எனலாம். ஆயினும் அங்கும் சீர்மை முழுமையாக இல்லை. இரத்தச் சிவப்பணு அங்கே 'செங்குழியம்' ஆகிறது.

துறைகள் ஒன்றிடமிருந்து ஒன்று சொல்லைக் கடன் பெறுவதும் உண்டு. 1939இல் லீசே மைட்னரும் ஆட்டோ ஃபிரிஷும் யுரேனிய அணுக்கரு இரண்டாவதை விளக்கியபோது, அதற்குரிய பெயரை ஃபிரிஷ் உயிரியலிலிருந்தே எடுத்தார். பாக்டீரியா இரண்டாவதற்கு வழங்கும் சொல் யாதென அவர் வினவியது வில்லியம் ஆர்னால்டு என்னும் உயிரியல் அறிஞரிடம். தமிழில் இரு துறைகளிலும் 'பிளவு' என்றே வழங்குவதால், இவ்வுறவு இங்கே அறுபடவில்லை.

நிலமும் பேசியும்

ஆட்சித்துறையில் இச்சொல் 'பிரிவு' ஆகும். முதலமைச்சரின் 'தனிப்பிரிவு' அவ்வாறு அமைந்ததே. இதில் குழப்பம் இல்லை. குழப்பம் மிகுவது தொலைத்தொடர்பில்தான். 1947இல் பெல் ஆய்வகத்தின் டி. எச். ரிங், ஊர்திகளுக்கான தொலைபேசிச் சேவைக்காக நிலப்பரப்பை அறுகோணக் கூறுகளாகப் பகுக்கும் திட்டத்தை எழுதினார். 'செல்' என்பது அத்தகைய நிலக்கூறே. கருவியில் உள்ள மின்கலம் அன்று. தமிழோ 'செல்லிடப்பேசி' என்று ஆக்கி, ஆங்கில ஒலியைத் 'செல்லுதல்' என்னும் வினையோடு பொருத்திக்கொண்டது. (கரையானுக்கும் 'செல்' என்னும் பெயருண்டு, நல்வேளையாக அப்பொருள் யாருக்கும் தோன்றவில்லை.) ஆக்கத்தின் நயம் பாராட்டத்தக்கதே. எனினும் நிலக்கூறு என்னும் கருத்து அதில் முற்றிலும் மறைந்துவிட்டது.

இதன் விளைவைத் தொழில்நுட்ப நூல்களை மொழிபெயர்க்கும்போது உணரலாம். பேசுபவர் பயணம் செய்கையில் அழைப்பு 'ஒரு செல்லிலிருந்து மற்றொரு செல்லுக்கு' மாற்றப்படுகிறது என்று எழுதினால், தமிழ் வாசகர் அதனை ஒரு கைப்பேசியிலிருந்து மற்றொரு கைப்பேசிக்கு என்றே கொள்வார். மூலத்தில் கருவி மாறவில்லை. மாறுவது அழைப்பைத் தாங்கும் கோபுரமே. இவ்விடத்தில் 'அலைக்கூறு' போன்றதொரு தனிச்சொல்லை ஆள்வதோ, 'ஒரு கோபுரத்தின் எல்லையிலிருந்து அடுத்ததன் எல்லைக்கு' என விரித்தெழுதுவதோ பொருந்தும்.