விளக்கை அணைத்தால் ஆமை கடல் சேரும்

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரைக்குச் செல்லும் நம் குடும்பங்கள் பல, கோல்ட் கோஸ்ட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவதுண்டு. பிரிஸ்பன் நகரைத் தாண்டி வடக்கே சுமார் 360 கிலோமீட்டர் சென்றால், கரும்புக்குப் பெயர்பெற்ற பண்டபெர்க் வரும். அதன் அருகில் உள்ளது மோன் ரெப்போ கடற்கரை. பிரெஞ்சு மொழியில் ‘என் ஓய்வு’ என்று பொருள். மகர ரேகைக்குச் சற்றுத் தெற்கே, துணை வெப்பமண்டலம் தொடங்கும் இடம் அது.

பகலில் அதுவும் மற்றக் கடற்கரைகளைப் போன்றதுதான். ஆனால் அக்டோபர் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் இறுதிவரை, மாலை 6 மணியிலிருந்து காலை 6 மணிவரை பொதுமக்கள் தாங்களாக அங்கே இறங்க அனுமதியில்லை. அந்த நேரத்தில் கடற்கரை கடலாமைகளுக்கு உரியது.

ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் கிழக்குக் கரையில் கடலாமைகள் மிக அதிகமாக முட்டையிடும் இடம் இதுவே. வருபவற்றுள் பெரும்பாலானவை பெருந்தலை ஆமைகள். நவம்பரிலிருந்து ஜனவரிவரை, சுமார் 100 கிலோ எடையுள்ள தாய் ஆமை இரவில் கரையேறி, பின்துடுப்புகளால் குழி தோண்டி, ஏறத்தாழ 120 முட்டைகளை இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். ஒரே பருவத்தில் இரண்டு வார இடைவெளியில் மூன்று, நான்கு முறை இப்படி வரும். அதோடு தாயின் வேலை முடிந்தது. குஞ்சுகளைப் பார்க்க அது வருவதில்லை.

சுமார் எட்டு வாரங்களில் முட்டைகள் பொரிகின்றன. குஞ்சுகள் மணலுக்குள்ளேயே ஒன்றையொன்று உந்தி மேலே வருகின்றன. மேல்மணல் குளிர்ந்த பிறகே, பெரும்பாலும் இரவில், அவை வெளியே தலைகாட்டும்.

கடல் எந்தப் பக்கம் என்று அவற்றுக்கு யார் சொல்வது? வெளிச்சம்தான் சொல்கிறது. நகர விளக்குகள் இல்லாத கரையில், மணல்மேடும் மரங்களும் இருண்டு உயர்ந்து நிற்கும். தாழ்வாகத் தெரியும் கடலின் அடிவானம் சற்று வெளுத்திருக்கும். உயரமான இருட்டை விட்டு விலகி, தாழ்வான வெளிச்சத்தை நோக்கி ஓடு என்பதே குஞ்சின் உடலில் எழுதப்பட்டுள்ள கட்டளை. பல லட்சம் ஆண்டுகளாக அது பொய்த்ததில்லை.

கடற்கரை விடுதியின் மாடவிளக்கு அதைப் பொய்யாக்கிவிடுகிறது. குஞ்சுகள் கடலுக்கு முதுகைக் காட்டிச் சாலையை நோக்கி நடக்கின்றன. சில வாகனங்களில் நசுங்குகின்றன. சில பறவைகளுக்கும் நண்டுகளுக்கும் இரையாகின்றன. மற்றவை விடிந்ததும் வெயிலில் உலர்ந்து சாகின்றன. நீரில் இறங்கிய குஞ்சுகூடக் கரை விளக்கைக் கண்டு திரும்பி வருவதுண்டு. வெளிச்சம் மிகுந்த கரையைத் தாய் ஆமைகளும் தவிர்க்கின்றன. வெள்ளை, நீல ஒளியே அதிகம் ஈர்க்கிறது. மஞ்சள் கலந்த செம்மை ஒளியின் ஈர்ப்பு குறைவு. அதனால்தான் பண்டபெர்க் வட்டாரக் கரையோரத்தில் ஆமைப் பருவத்தின்போது தேவையற்ற விளக்குகளை அணைக்கவும், திரைச்சீலைகளை இழுத்து மூடவும் குடியிருப்பாளர்களும் பயணிகளும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

ஒரு குஞ்சை இழப்பது பெரிய விஷயமா என்று கேட்கலாம். ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றுதான் வளர்ந்து முட்டையிடும் வயதை எட்டுவதாக மதிப்பிடப்படுகிறது. அந்த வயதுக்கு ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஆகும். இதற்கிடையே இக்குஞ்சுகள் கடல் நீரோட்டத்தில் பசிபிக்கைக் கடந்து, பெரு, சிலி நாடுகளின் கடல்வரை சென்று மீள்கின்றன. பின்னர் பிறந்த கரைப்பகுதிக்கே முட்டையிட வருகின்றன.

மோன் ரெப்போவில் 1968ல் காலின் லிம்பஸ் தொடங்கிய ஆய்வு இன்றும் தொடர்கிறது. ஆமைகளுக்கு அடையாளத் தகடு பொருத்தி எண்ணியதால்தான் ஆபத்து தெரியவந்தது. கிழக்கு ஆஸ்திரேலியாவில் 1970களின் நடுவில் ஒரு பருவத்தில் சுமார் 3,500 பெருந்தலை ஆமைகள் முட்டையிட்டன. 2000ஆம் ஆண்டுவாக்கில் அது 500 அளவுக்குச் சரிந்தது. இறால் பிடிக்கும் இழுவலைகளில் சிக்கி மூழ்கியது முக்கியக் காரணம். நரிகளும் முட்டைகளைத் தின்றன. 2001ல் இழுவலைகளில் ஆமை தப்பிச்செல்லும் வழி கட்டாயமாக்கப்பட்டது. அதன்பின் எண்ணிக்கை மெல்ல உயர்ந்தது.

நமக்கு அருகிலேயே இதற்கு நேர்மாறான கதை உண்டு. திரங்கானுவின் ரந்தாவ் அபாங்கில் 1950களில் ஆண்டுக்குச் சுமார் 10,000 தோல்முதுகு ஆமைக் கூடுகள் இருந்தன. அந்த ஆமைகளைப் பார்க்கவே பயணிகள் திரண்டனர். ஆனால் பல்லாண்டுக் காலம் முட்டைகள் எடுத்து விற்கப்பட்டன. கடலில் வலைகள் ஆமைகளைக் கொன்றன. இந்த நூற்றாண்டு பிறந்தபோது கூடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை. ஆமை போனதும் அதை நம்பிய சுற்றுலாவும் போனது.

மோன் ரெப்போவில் பயணிகளைத் தடுக்கவில்லை, நெறிப்படுத்துகிறார்கள். முன்பதிவு செய்து கட்டணம் செலுத்தியவர்கள் சிறு குழுக்களாக, வனக்காவலருடன் மட்டுமே இருட்டில் இறங்கலாம். கைவிளக்கு கூடாது. ஆமை முட்டையிடத் தொடங்கிய பிறகே அருகில் போகலாம். அலை எட்டும் தாழ்வான இடத்தில் இட்ட முட்டைகளை மேட்டுக்கு மாற்றும்போது பயணிகளும் கைகொடுப்பதுண்டு. இட்ட இரண்டு மணி நேரத்துக்குள் மாற்றிவிட வேண்டும். தாமதித்து அசைத்தால் கரு இறந்துவிடும்.

இனி வரும் சவால் வெப்பம். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பநிலையே முடிவு செய்கிறது. சுமார் 29 டிகிரி செல்சியசுக்கு மேல் பெண்களே அதிகம் பிறக்கும். மேலும் சூடேறினால் முட்டையே வெந்துபோகும். மோன் ரெப்போவின் மணல் கருமையானது, எளிதில் சூடாவது. பவளத் தீவுகளின் வெண்மணல்தான் ஆண் குஞ்சுகளை அதிகம் தருகிறது.

உலகம் சூடேறுவதை ஒரு விடுமுறைப் பயணி தனியாக நிறுத்த முடியாது. ஆனால் அறையின் திரையை மூடலாம், மாடவிளக்கை அணைக்கலாம், கைப்பேசியைப் பையில் வைக்கலாம். ஆமை வரும் எந்தக் கரைக்கும், திரங்கானுவுக்கும் இது பொருந்தும். செலவில்லாத இந்தக் காரியங்களால் அன்றிரவு நூறு குஞ்சுகள் திசைமாறாமல் கடலைச் சேரக்கூடும்.