காது மிஷினைக் கழற்றி வைப்பது ஏன்?

காது கேட்கும் கருவி வாங்கிய பெரியவர்களில் பலருடைய கருவி, காதில் இருக்கும் நேரத்தைவிட டப்பாவில் இருக்கும் நேரமே அதிகம். "ஒரே இரைச்சல், தலை வலிக்குது, வேண்டாம் போ" என்று ஒரே வாரத்தில் கழற்றி விடுகிறார்கள். வீட்டாரும் "இவ்வளவு செலவு பண்ணி வாங்கிக் கொடுத்தோம், போடவே மாட்டேங்கறார்" என்று அலுத்துக் கொள்கிறார்கள். நான் 2016 முதல் இரண்டு காதிலும் கருவி அணிந்து வருகிறேன். செம்பூர், மாட்டுங்கா பக்கத்து முதியவர்கள் சிலருக்கு மொழிபெயர்க்கப் பரிசோதனைக் கூடங்களுக்குத் துணை போனதும் உண்டு. அந்த அனுபவத்தில் கண்டது இது: 'தொந்தரவு' என்று பொதுவாகச் சொல்வது ஒன்றல்ல, பல. காரணமும் பரிகாரமும் ஒவ்வொன்றுக்கும் வேறு.

முதலில் எல்லோரும் சொல்லும் குறை: "என் குரலே எனக்கு இடிக்குது, குடத்துக்குள்ள தலையை விட்டுப் பேசற மாதிரி இருக்கு." இதை யாரும் கருவியில்லாமலே சோதித்துப் பார்க்கலாம். இரு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு 'ஈ' என்று நீட்டிச் சொல்லுங்கள், குரல் தலைக்குள் முழங்கும். நாம் பேசும்போது அதிர்வு எலும்பு வழியாகக் காதுக் குழாய்க்கும் வருகிறது. குழாய் திறந்திருந்தால் அந்தக் கனத்த ஒலி வெளியே போய்விடும். அடைத்துவிட்டால் உள்ளேயே நின்று செவிப்பறையில் மோதும். ஆகவே இது கருவி செய்யும் சத்தம் அல்ல, அடைப்பு செய்யும் சத்தம். சந்தேகம் இருந்தால் கருவியைக் காதில் வைத்தபடியே நிறுத்திவிட்டுப் பேசிப் பாருங்கள். அப்போதும் முழங்கினால் அடைப்புதான். காதச்சில் சிறு காற்றுத் துளை இடுவது, துளை இருந்தால் பெரிதாக்குவது, திறந்த வகை ரப்பர்க் குமிழுக்கு மாற்றுவது ஆகியவை பரிகாரங்கள். கேட்கும் குறைபாடு மிக அதிகமாக உள்ளவர்களுக்கு மட்டும் பெரிய துளை இட முடியாது. ஒலி கசிந்து கருவி கூவும்.

இங்கேதான் வெளிமாநிலத்தில் வாழும் நமக்கென்று ஒரு சிக்கல் வருகிறது. ஒரு பாட்டி மேற்சொன்ன குறையைத்தான் சொன்னார். உடன் வந்த பேரன் "ஆவாஸ் பஹுத் ஜாஸ்தி ஹை" என்று மொழிபெயர்த்தான். கூடத்தில் இருந்தவர் கணினியில் மொத்த ஒலியையும் குறைத்து அனுப்பினார். பாட்டியின் குரல் பழையபடியே இடித்தது, மருமகள் பேசுவது மட்டும் கேட்காமல் போயிற்று. பத்து நாளில் கருவி டப்பாவுக்குப் போய்விட்டது. தமிழில் 'சத்தம்' என்றால் குரலும் அதுதான், இரைச்சலும் அதுதான், ஒலியின் அளவும் அதுதான். எந்தச் சத்தம், யாருடையது, எப்போது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு இந்திக்கோ மராத்திக்கோ மாற்ற வேண்டும். என்னைக் கேட்டால், துணைக்குப் போகிறவர் பெரியவர் சொன்ன சொற்களை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது.

இரண்டாவது குறை விசித்திரமானது. "கொஞ்சம் உரக்கச் சொல்லு" என்பார். உரக்கச் சொன்னால் "ஏன் இப்படிக் கத்தறே?" என்பார். வீட்டில் சண்டையே வரும். இது பிடிவாதம் அல்ல. உள்காதில் நத்தைக்கூடு போன்ற காக்ளியாவில் ஏறக்குறைய 15,000 மயிர்ச் செல்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை வெளி வரிசைகளில் நின்று மெல்லிய ஒலிகளைப் பெருக்கிக் கொடுப்பவை. வயதாலும் இரைச்சலாலும் இவை கெட்டுவிட்டால் மெல்லிய ஒலி மறைந்துவிடும், பெரிய ஒலியோ மற்றவர்களுக்குக் கேட்பது போலவே கேட்கும். நடுவில் உள்ள இடைவெளி சுருங்கிப்போகிறது. டிஜிட்டல் கருவிகள் மெல்லியதை அதிகமாகவும் பெரியதைக் கொஞ்சமாகவும் பெருக்குவது இதற்காகத்தான். ஸ்டீல் தட்டு விழும்போதும் குக்கர் விசில் அடிக்கும்போதும் மட்டும் காது கூசுகிறது என்றால், மொத்த ஒலியைக் குறைக்கக் கூடாது. கருவி தரக்கூடிய உச்ச ஒலியின் வரம்பைக் குறைக்கும்படி கேட்க வேண்டும்.

"சத்தம் கேக்குது, என்ன சொல்றேன்னுதான் புரியலை" என்பது இதோடு சேர்ந்தது. முதுமையில் முதலில் போவது உயர்ந்த அதிர்வுகள். உயிரெழுத்துகள் கேட்கும், மெய்கள் நழுவும். பட்டு, தட்டு, கட்டு மூன்றும் ஒன்றாகிவிடும். அந்த உயர்ந்த ஒலிகளைக் கருவி திருப்பித் தரும்போது முதலில் கீச்சென்று தகரம் போலத்தான் இருக்கும். மின்விசிறி, குழாய்ச் சொட்டு, செய்தித்தாள் மடிப்பது எல்லாம் பல வருஷம் கழித்து ஒரே நாளில் திரும்பி வந்தால் மூளை திணறும். இது பழகக் கூடியது, சில வாரங்கள் ஆகும். முதல் சில நாள் வீட்டில் ஓரிரு மணி நேரம், அமைதியான அறையில் ஒருவரோடு மட்டும் பேச்சு. பிறகு டிவி, பிறகு நாலு பேர் கூடிய சாப்பாடு. தாதர் ஸ்டேஷனும் கல்யாண மண்டப நாதஸ்வரமும் கடைசியில் இருக்கட்டும். குறைந்த ஒலியில் தொடங்கி இரண்டு மூன்று வருகைகளில் ஏற்றச் சொல்லலாம்.

வலி அப்படி அல்ல. "போகப் போகச் சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். காதுக் குழாயின் உட்புறம் எலும்பை ஒட்டி மெல்லிய தோல்தான், சிறு உறுத்தலும் புண்ணாகும். காதச்சு குத்தினால் அந்த இடத்தைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள், இல்லையேல் புதிதாக அளவெடுக்கச் சொல்லுங்கள். அக்ரிலிக் ஒத்துக்கொள்ளாமல் தடிப்பவர்களுக்கு சிலிக்கோன் அச்சு உண்டு. கருவி 'கொய்ங்' என்று கூவுவதும் பெரும்பாலும் அச்சு தளர்ந்ததால், அல்லது குறும்பி அடைத்ததால். உடம்பு இளைத்தவர்களுக்குக் காதும் தளரும்.

அரிப்பு மும்பை மழைக்காலத்தின் தனிச்சொத்து. அடைத்த காதில் வியர்வையும் ஈரமும் சேர்ந்து பூஞ்சை பிடிக்கும். நம் வீட்டு வைத்தியமான காய்ச்சிய எண்ணெய் இங்கே உதவாது, ஈரத்தோடு அடைப்பும் சேரும். குச்சி, ஹேர்பின், பட்ஸ் எதுவும் வேண்டாம், குறும்பியை உள்ளே தள்ளுவதற்குத்தான் அவை பயன்படும். நீர் வடிந்தாலோ ரத்தம் தெரிந்தாலோ கருவியைக் கழற்றிவிட்டு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். தலைக்கு எண்ணெய் தடவி, சீவி, பவுடர் போட்டு முடித்த பிறகே கருவியை மாட்டுவது என்பது என் வழக்கம். மைக்கின் துளை அவ்வளவு சிறியது.

கருவியைக் கடையில் மூக்குக்கண்ணாடி மாதிரி வாங்கிவிட முடியாது. இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்ட்தானா என்று கேளுங்கள். காதுக்குள் மெல்லிய குழாய் மைக் வைத்துக் கருவியின் ஒலியைச் செவிப்பறை அருகிலேயே அளக்கும் சோதனை உண்டா என்றும் கேளுங்கள். பாந்த்ராவில் 1983 முதல் இயங்கும் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனமும், 1965இல் மைசூரில் தொடங்கிய அனைத்திந்திய பேச்சு, கேட்டல் நிறுவனமும் அரசு நிறுவனங்கள். சொற்களைத் திருப்பிச் சொல்லும் சோதனையைத் தமிழ்ச் சொற்களில் வைக்க முடியுமா என்று எங்கே போனாலும் முன்கூட்டியே விசாரியுங்கள். இந்தி தெரியாத அம்மாவுக்கு இந்திச் சொல் வைத்தால் காதுக்கான சோதனை மொழிக்கான சோதனையாகிவிடும்.

இரவில் கருவியை, பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். துத்தநாக பேட்டரி காற்றை உறிஞ்சி வேலை செய்வது. ஒட்டுத்தாளைப் பிரித்தபின் ஓரிரு நிமிஷம் வெளியே வைத்துவிட்டுப் போட வேண்டும். தீர்ந்த பேட்டரியைப் பேரக் குழந்தைகள் எட்டாத இடத்தில் போடுங்கள். மாத்திரை போல இருப்பதால் விழுங்கிவிடுவார்கள். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிதான்.