குடியானவர் கைக்கும் காதுக்கும் இசைந்த கணிப்பொறிக் கருவிகள்

கலப்பையின் மேழி உழுபவன் கைக்கு எட்டும் உயரத்தில் அமைக்கப்படுகிறது. எட்டாவிடில் மேழியைத் திருத்துவரேயன்றி உழுபவனைக் குறைகூறுவாரில்லை. வானிலை, விலை நிலவரம், நில விவரம் முதலியவற்றைக் கணிப்பொறியின் மூலம் தெரிவிக்கும் கருவிகளுக்கும் இவ்விதியே பொருந்தும்.

மரக்காணம் உப்பளங்களை எடுத்துக்கொள்வோம். கைப்பேசியின் தொடுதிரை, விரல் படுவதால் உண்டாகும் நுண்ணிய மின்மாறுதலை உணர்ந்து வேலை செய்கிறது. உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துமாதலால், உப்பு வாரிய ஈரக்கை பட்டவுடன் திரை விரலையும் நீர்த்துளியையும் பகுத்தறியாது தடுமாறும். பாத்திகளிலிருந்து எதிரொளிக்கும் வெயிலில் எழுத்தும் மங்கிவிடும். அடுத்த நிலங்களில் நெல்லும் மணிலாவும் பயிரிடுவோருக்கும் சேறு படிந்த கையினால் இத்தகைய சங்கடமே நேரும்.

இதே கடற்கரையில் தெற்கேயுள்ள புதுச்சேரியில், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1998ஆம் வருஷத்தில் கிராமத் தகவல் நிலையங்களைத் தொடங்கினர். வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையார் வெளியிட்ட அலை உயர முன்னறிவிப்பைக் கணிப்பொறியில் பெற்று, தமிழில் ஒலிபெருக்கி வாயிலாக அறிவித்தனர். எழுத்தறியாதாரும் கைவேலையை விடாமலே அதனைக் கேட்டறிய முடிந்தது.

இம்முறையின் பெரும்பயன் 2004ஆம் வருஷம் டிசம்பர் 26ஆம் தேதி விளங்கிற்று. நல்லவாடு என்னும் மீனவர் ஊரைச் சேர்ந்து சிங்கப்பூரில் இருந்த ஒருவர், ஆழிப்பேரலைச் செய்தி அறிந்து வீட்டாருக்குத் தொலைபேசியில் எச்சரிக்கை தந்தார். ஊரார் தகவல் நிலையத்தை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் அறிவித்தனர். வீடுகளும் படகுகளும் அழிந்தன. ஏறக்குறைய 3,600 பேரும் உயிர் தப்பினர். செய்தி வந்தது ஒரு பாதி. எல்லாரும் ஒரே சமயத்தில் கேட்டறியும் சாதனம் ஊரில் இருந்தது மறு பாதி.

இனி, வாயாற் பேசினால் அறிந்து விடையளிக்கும் கருவிகளைப் பற்றிச் சிறிது கூறுவோம். பேச்சே மனிதருக்கு இயல்பாதலால் அதுவே எளிதென்று எண்ணத் தோன்றும். ஆயினும் ‘ஏழு’ என்னும் சொல்லையே சிலர் ‘ஏளு’ என்பர். காற்றிரைச்சலும் மோட்டார் ஒலியும் குறுக்கிடும். குஜராத்தில் சிறு குடியானவரைக் கொண்டு நடத்தி 2009ஆம் வருஷத்தில் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், தொலைபேசியில் சொல்லைக் கூறியவர்களைவிட எண்ணை அழுத்தியவர்களே அதிகமாகக் காரியத்தை முடித்தனர். எட்டாம் வகுப்புக்குக் குறைவாகப் படித்தவரிடையே இவ்வேற்றுமை நன்கு புலப்பட்டது. ஆகவே எது இயல்பு என்பதைக் கருவி செய்வோர் தம் அறையிலிருந்து ஊகிக்கலாகாது. களத்திலேயே சோதித்தறிய வேண்டும்.

ஊருக்குப் புதிய கருவியோ செயலியோ வரும்போது, நிலக்காரரும் கிராம நிர்வாக அலுவலரும் கவனிக்க வேண்டியவை:

1. ஈரக்கையாலும் நடுப்பகல் வெயிலிலும் சோதித்துப் பார்த்தல்.

2. எழுத்தறியாதார், முதியோர், பெண்கள் ஆகியோரைத் துணையின்றி இயக்கச் செய்து, எவ்விடத்தில் தயங்குகிறார்கள் என்று குறித்துக்கொள்ளல்.

3. ஊர்வழக்குச் சொல்லும் உச்சரிப்பும் செல்லுபடியாகின்றனவா என்று காணுதல்.

4. மின்சாரமும் இணைப்பும் அற்ற வேளையில் செய்தி எவ்வழியே சேரும் என்பதை முன்னரே நிச்சயித்தல்.

கருவி பயன்படாத வேளையில் ஆளோடு பேசும் வழியும் இருத்தல் வேண்டும். 2004ஆம் வருஷம் ஜனவரியில் மத்திய சர்க்கார் தொடங்கிய கிசான் கால் சென்டரில், 1800-180-1551 என்னும் கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.

சோதனையிற் கண்ட குறைகளை எழுத்து மூலம் உரிய இலாகாவுக்குத் தெரிவிப்பது அவசியம். குறை சொல்லப்படாத கருவி திருந்துவதில்லை. திருந்தாத கருவியினால் வரும் நஷ்டம் அதனை இயக்கத் தெரியாதவனுக்கே முதலில் நேரும்.