மாற்றிப் பூட்டிய டிராக்டர் எஞ்சினை முதன்முறை கிளப்புதல்

டிராக்டரின் பழைய எஞ்சின் தேய்ந்து உபயோகமற்றுப் போனபின், செப்பனிட்ட வேறோர் எஞ்சினை வாங்கிப் பூட்டிக்கொள்ளும் வழக்கம் குடியானவர்களிடையே உண்டு. அதற்காகும் பணம் சிறிதன்று. பெரும்பாலும் கடன்பட்ட பணமேயாகும். மழை ஈரம் எவருக்காகவும் காத்திராதாகையால், பூட்டிய அன்றே ஓட்டிப் பார்த்துவிட வேண்டுமென்ற அவசரம் சொந்தக்காரருக்கு உண்டாவது இயல்பே. எனினும், வாங்கிய எஞ்சின் முதல் அரை நிமிஷத்திலேயே கெட்டுவிடக் கூடுமென்பதை அறிந்திருத்தல் அவசியம்.

ஓடும் எஞ்சினில் கிராங்க் ஷாப்டானது பேரிங்கின் உலோகத்தைத் தொடாமல் மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் சுழலுகிறது. நெடுநாள் ஓடாமல் கிடந்த எஞ்சினில் இவ்வெண்ணெய் வடிந்து, கால்வாய்கள் வறண்டிருக்கும். அந்நிலையில் வேகமாக ஓட்டினால் உலோகத்தோடு உலோகம் உராய்ந்து பேரிங்கு பிடித்துக்கொள்ளும். பிறகு கிராங்க் ஷாப்டைக் கடைசலுக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை.

எஞ்சினை ஏற்றி வரும்போது தூசி புகாதபடி துவாரங்களில் துணி அடைத்திருப்பார்கள். அவற்றை ஒன்று விடாமல் எண்ணி எடுத்தபின், கியரை நடுநிலையில் வைத்துக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்கவேண்டும். நான்கு வீச்சு எஞ்சினின் வேலை முழுமை பெற இரண்டு சுற்றுக்கள் வேண்டும். ஓரிடத்தில் இறுகிப் பின் இளகுவது காற்றின் அமுக்கத்தால் ஆவது. இரும்பில் முட்டியதுபோல் அடியோடு நின்றுவிடின் பலவந்தம் செய்யலாகாது; காரணத்தைத் தேடுக.

அடுத்து எண்ணெய். அளவுகோலின் மேற்கோடு வரை ஊற்றுவதோடு, வடிகட்டியிலும் எண்ணெய் நிரப்பிப் பூட்டுதல் நலம். பின்பு, நிறுத்தும் பிடியை இழுத்து வைத்துக்கொண்டே ஸ்டார்ட்டரால் பத்துப் பதினைந்து விநாடி சுழற்றி, சற்று ஓய்வு கொடுத்து, மறுபடியும் சுழற்றவேண்டும். அழுத்தமானியின் முள் எழும் வரையில் டீஸலைத் திறத்தல் கூடாது. இது ஒன்றைச் செய்தாலே பாதி அபாயம் நீங்கியதெனலாம்.

எஞ்சின் மாற்றுவோர் அடிக்கடி மறப்பது பாட்டரியின் எர்த் கம்பியை. அதைப் பெயிண்டின்மேல் முடுக்கினால் மின்சாரம் சரிவரப் பாயாது. ஸ்டார்ட்டருக்குரிய பெருமின்சாரம் அப்போது ஆக்ஸிலேட்டர் கம்பி போன்ற மெல்லிய வழிகளில் புகுந்து அவற்றைச் சுட்டுவிடுவதுண்டு. உலோகம் பளிச்சிடச் சுரண்டிய இடத்தில் முடுக்குக.

டீஸல் குழாய்களில் தங்கிய காற்றை வெளியேற்றாமல் எஞ்சின் கிளம்பாது. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றும் பழைய டிராக்டர்களுக்கு இத்தொல்லை கிடையாது. முதலில் வடிகட்டியின் திருகையும், பின் இஞ்செக்ஷன் பம்பின் திருகையும் தளர்த்தி, குமிழி அற்ற டீஸல் வரும் வரையில் கைப்பம்பை அடிக்கவேண்டும். இஞ்செக்டர் குழாயில் கசிவு உண்டா எனக் கைவைத்துப் பார்ப்பது பேராபத்து. அப்பீச்சு தோலைத் துளைத்து உள்ளே செல்லும். அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்க்கலாம்.

ரேடியேட்டரில் தண்ணீரை மெதுவாக ஊற்றினால் காற்று தங்காது. நிறுத்தும் பிடி பம்பின் நெம்புகோலை முற்றும் இழுக்கிறதா என்றும் பார்த்துக்கொள்க. எஞ்சின் கட்டுக்கடங்காமல் வேகமெடுத்தால் காற்று புகும் வாயை மூடுவதற்குத் தக்க பலகையொன்று அருகில் இருக்கட்டும். கையால் மூட முயலலாகாது.

எஞ்சின் கிளம்பியதும் பார்க்கவேண்டியது புகையையன்று, அழுத்தமானியை. பத்து விநாடிக்குள் முள் எழாவிடில் உடனே நிறுத்துக. முள் எழுந்தால், மிதமான வேகத்தில் சூடேறவிட்டு, கசிவுகளைக் கவனித்து, நிறுத்தி ஆறியபின் தண்ணீரும் எண்ணெயும் குறைந்த அளவுக்கு ஊற்றவேண்டும். சூடாயிருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாகாது.

"பழகட்டும்" என்று மணிக்கணக்காகச் சும்மா ஓடவிடுவது தவறான வழக்கம். பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரில் நன்கு படிவதற்குச் சுமை வேண்டும். சுமையின்றி ஓடினால் சிலிண்டரின் சுவர் வழவழத்து, பின்னாளில் எண்ணெய் தின்னும். ஆகவே முதல் சில நாட்கள் டிரெய்லர் இழுத்தல் முதலிய இலேசான வேலைகளைக் கொடுத்து, ஆழ உழவைப் பிறகு வைத்துக்கொள்க. முதல் எண்ணெயைத் தயாரிப்பாளரின் புத்தகத்தில் கண்ட மணிக்கணக்கில், பொதுவாக 50 மணி நேர ஓட்டத்தில், வடித்து மாற்றவேண்டும். வடிகட்டியையும் அப்போதே மாற்றிவிடுக.